எழுபதாயிரத்து ஒன்று

அன்பு மகள் நூருக்கு உன் பெரியம்மா சலாம் சொல்லி எழுதுவது. தாளின் தலையில் வழக்கம்போல 786 போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறேன். "அது ரெண்டால வகுபடும், மூணால வகுபடும் பெரியம்மா" என்று பதினோரு வயதில் நீ சொன்னது, ஒவ்வொரு தடவை போடும்போதும் ஞாபகம் வருகிறது. வகுபடட்டும். அது ரஹ்மானின் பெயருக்காகப் போடுகிற எண். அவன் கருணை எல்லாருக்கும் பங்காக வேண்டியதுதான். அதற்காக எல்லாமே பங்காக வேண்டும் என்று சட்டமில்லை. இந்தக் கடிதத்தை உன் விடுதிப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு. ஒளித்து வைக்க இதில் ஒன்றுமில்லை. உன் அத்தா பார்த்தாலும் சரி, மாமி பார்த்தாலும் சரி.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்து இரண்டு தடவை படித்தேன். மெட்ராஸில் எம்.எஸ்ஸி. கணக்குக்கு இடம் கிடைத்துவிட்டது என்று முதல் வரியில் எழுதியிருக்கிறாய். அல்ஹம்துலில்லாஹ். ஒரு வருஷம் மட்டும் படித்துவிட்டு நிக்காஹ் முடித்துக்கொள்கிறேன், மீதி ஒரு வருஷத்தை மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். நடுவில் காரணமும் அடுக்கியிருக்கிறாய். அத்தாவுக்கு மனசு குளிரும், பேகம்பூரில் மாமி மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்த வாக்கு நிற்கும், என் கால் வீக்கத்துக்கு நீ பக்கத்தில் இருந்தது போலாகும், உனக்கும் ஒரு வருஷம் படித்தது போலாகும். நான்கு பேருக்கு நான்கு பங்கு. மிச்சமில்லாமல் வகுத்துவிட்டாய் மகளே. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

உன் அம்மாவும் நானும் இரட்டைப் பிள்ளைகள். நான் கால் மணி நேரம் மூத்தவள். அந்தக் கால் மணி நேரத்தை வைத்துக்கொண்டே அவளை ஆயுள் முழுக்க அதட்டினேன். கீரனூரில் இரண்டு பேரும் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தோம். காலையில் ஓதுகிற பள்ளியில் வலமிருந்து இடம், பகலில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இடமிருந்து வலம். விளையாட்டென்றால் ஒத்தையா ரெட்டையாதான். புளியங்கொட்டையை ஒரு கை அள்ளி மூடிக்கொண்டு, உள்ளே இருப்பது ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று கேட்க வேண்டும். உன் அம்மா எப்போதும் "ஒத்தை" என்றுதான் சொல்வாள். "ஏன்டி, ஒரு தடவையாச்சும் மாத்திச் சொல்ல மாட்டியா?" என்று கேட்டால், "படைச்சவன் ஒருத்தன். அவனுக்கு ஒத்தைதான் பிடிக்கும்னு ஓதுற பள்ளியில சொன்னாக. நீ தூங்கிட்டு இருந்திருப்ப" என்பாள். பாதி ஆட்டம் தோற்பாள். அடுத்த ஆட்டத்துக்கும் அதே "ஒத்தை"தான்.

அவள் மவுத்தானபோது உனக்கு ஏழு வயது. நாற்பதாம் நாளுக்குள் எழுபதாயிரம் கலிமா ஓதி அவளுக்குச் சேர்ப்பது என்று முடிவானது. ஏழு பெண்கள் உட்கார்ந்தோம். ஆளுக்கு ஆயிரம் புளியங்கொட்டை எண்ணிக் கழுவி, வெள்ளைத் துணியில் முடிந்து கொடுத்திருந்தது. ஒரு கொட்டையை எடுத்து, ஒரு தடவை கலிமா சொல்லி, அந்தப் பக்கம் போட வேண்டும். ஆயிரமும் அந்தப் பக்கம் போய்விட்டால் ஒரு சுற்று. பத்துச் சுற்றுக்கு ஆளுக்குப் பத்தாயிரம், ஏழு பேருக்கு எழுபதாயிரம். திண்டுக்கல்லில் நம் வீட்டு நடுக்கூடத்தில் பாய் விரித்து, மூன்று நாள், பகல் தொழுகை முடிந்ததிலிருந்து சாயங்கால அஸர் பாங்கு வரை. உதடு அசைகிற சத்தமும் கொட்டை விழுகிற சத்தமும்தான் கூடத்தில். நீ தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாய்.

மூன்றாம் நாள் கடைசிக் கொட்டையும் விழுந்தது. உன் அத்தாவின் அக்கா சபூரா மாமிதான் அங்கே எல்லாவற்றுக்கும் தலைமை. "எழுபதாயிரம் ஆச்சு, துணியை மடிங்க" என்றாள். அப்போது என் இடது உள்ளங்கைக்குள் இன்னும் ஒரு கொட்டை இருந்தது. அதற்கும் ஒரு கலிமா சொல்லிக் குவியலில் போட்டேன். மாமி பார்த்துவிட்டாள்.

"அது ஏது?"

"கையில ஒண்ணு தங்கிருச்சு போல மதினி. தவறிப்போச்சு."

"அப்ப எண்ணிக்கை?"

"எழுபதாயிரத்து ஒண்ணு."

"எழுபதாயிரத்து ஒண்ணுன்னு எந்த ஊருல ஓதுறாக? மூணு நாளு உக்காந்து இடுப்பு ஒடிஞ்சு போச்சு, கடைசியில இப்படிக் குளறி வச்சிருக்கியே! ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாதா உனக்கு?"

பள்ளிவாசல் அஜ்ரத்திடம் ஆள் அனுப்பிக் கேட்டோம். ஒன்று கூடினால் குற்றமில்லை என்று சொல்லி அனுப்பினார். மாமிக்கு அது போதவில்லை. அன்றிலிருந்து சொந்தத்துக்குள் எனக்கு எண்ணத் தெரியாதவள் என்று பெயர். அதே வாரம் உன்னை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தது. "என்கிட்ட இருக்கட்டும், எனக்கும் பிள்ளையில்ல" என்றேன். "கொட்டையை எண்ணத் தெரியாதவகிட்ட பொம்பளப் பிள்ளையை விடவா?" என்று மாமி ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டாள். வேடசந்தூரில் உன் அத்தா வீட்டில் நாலு மாதம், பேகம்பூரில் மாமி வீட்டில் நாலு மாதம், என்னிடம் நாலு மாதம் என்று தீர்ப்பானது. பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் மிச்சமில்லை பார். நான்கு வருஷம் அந்தத் தகரப் பெட்டியோடு சுற்றினாய். காலையில் எழுந்ததும், இது எந்த வீடு, இங்கே சோப்பு எந்த மாடத்தில் இருக்கும் என்று செத்த நேரம் நின்று யோசித்துவிட்டுத்தான் முகம் கழுவப் போவாய். அதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மாதான் இருந்தேன்.

அணா போய் நயா பைசா வந்த வருஷம், ஊரே வகுத்தலில் திணறிக்கொண்டிருந்தபோது, நீ என் முறைக்கு வந்திருந்தாய். ஒரு சாயங்காலம் நான் குர்ஆன் ஓதி மூடி வைத்த கையோடு, "மாமி ஏன் உங்களை எண்ணத் தெரியாதவன்னு சொல்றாங்க?" என்று கேட்டாய். சொன்னேன். சிலேட்டை எடுத்து 70001 என்று எழுதி என் முன்னால் நீட்டினாய். கண் அதுவரை வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தது அல்லவா, அதே ஓட்டத்தில் வலக்கோடியிலிருந்து வாசித்து, "பத்தாயிரத்து ஏழு" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அதுக்குத்தான் மாமி சொல்றாங்க!"

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் டீச்சர் பகா எண் சொல்லிக்கொடுத்திருந்தாராம். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மிச்சமில்லாமல் வகுபடாத எண். "பெரியம்மா எண்ணு அப்படியான்னு பாக்கப்போறேன்" என்று பழைய காலண்டர் தாள்களின் முதுகில் ஆரம்பித்தாய். எல்லா எண்ணாலும் வகுக்க வேண்டாமாம். நாலால் வகுபடுவது ரெண்டிலேயே மாட்டியிருக்கும், ஒன்பதால் வகுபடுவது மூன்றிலேயே மாட்டியிருக்கும். அதனால் பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும் என்றாய். ரெண்டால் வகுத்தால் ஒன்று மிச்சம். மூன்றால் வகுத்தால் ரெண்டு மிச்சம். ஏழால் வகுத்தபோது நான் அடுப்பை விட்டு எழுந்து வந்து பார்த்தேன். ஆளுக்குப் பத்தாயிரம், ஒன்று மிச்சம். ஏழு பெண்களும், என் கையிலிருந்த அந்த ஒரு கொட்டையும், அப்படியே தாளில் உட்கார்ந்திருந்தன.

நாலு நாள். ஐம்பத்தாறு வகுத்தல். இருநூற்று அறுபத்து மூன்றால் வகுத்து, நாற்பத்து மூன்று மிச்சம் என்று எழுதிவிட்டு, பென்சிலைக் கீழே போட்டாய்.

"அம்புட்டுத்தானா? இன்னும் எம்புட்டு எண்ணு கிடக்கு மேல?"

"வேண்டாம் பெரியம்மா. இருநூத்தி அறுபத்தஞ்சை அதாலயே பெருக்கினாலே எழுபதாயிரத்தைத் தாண்டிருது. வகுக்குற எண்ணு எப்பவும் ஜோடியாத்தான் வரும். ரெண்டும் பெருசா இருந்தா உள்ள அடங்காது."

"எப்படி?"

"ஜட்காவுல உங்களை மாதிரி ரெண்டு பேரு ஏற முடியுமா? ஒருத்தராச்சும் ஒல்லியா இருக்கணும்ல? ஒல்லியா இருக்கிற எல்லாரையும் கேட்டுட்டேன். ஒருத்தரும் இல்ல."

என்னைக் குண்டு என்று சொல்லித்தான் எனக்குக் கணக்குப் புரியவைத்தாய். மறுநாள் விடியும் முன்பே இன்னொன்றும் செய்து வைத்திருந்தாய். நான் தப்பாக வாசித்தேனே பத்தாயிரத்து ஏழு, அதையும் வகுத்துப் பார்த்திருந்தாய். இருபத்தைந்து வகுத்தலில் முடிந்துவிட்டதாம். அதுவும் பகா எண்தான். "இந்தப் பக்கமிருந்து படிச்சாலும் உடையாது, அந்தப் பக்கமிருந்து ஓதினாலும் உடையாது பெரியம்மா" என்று குதித்தாய். எனக்கு உன் அம்மாவே எதிரில் நின்று "ஒத்தை" என்பது போலிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமையோடு என் நாலு மாதம் முடிந்தது. உன்னைக் கூட்டிப்போக அத்தாவும் மாமியும் வந்திருந்தார்கள். நீ காலண்டர் தாள்களை மாமி மடியில் வைத்தாய்.

"மாமி, பெரியம்மா ஓதுனது பகா எண்ணு. யாராலயும் பங்கு போட முடியாது."

"என்னது, பாகற்கா எண்ணா?"

"கசக்கத்தான் செய்யும்" என்றார் உள்ளேயிருந்து உன் பெரியத்தா.

"கிளம்பு புள்ள, பஸ்சுக்கு நேரமாச்சு" என்று உன் அத்தா பெட்டியைத் தூக்கினார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததென்று இன்றைக்கும் தெரியாது. "நூரு, மூணு பேருக்குப் பங்கு போட்டா எம்புட்டும்மா வரும்?" என்று கேட்டேன். "ஆளுக்கு இருபத்து மூவாயிரத்து முந்நூத்தி முப்பத்து மூணு. ரெண்டு மிஞ்சும்" என்றாய். "கேட்டீகளா மதினி? மூணு வீட்டுக்குப் பிரிச்சா ரெண்டு மிஞ்சுதாம். அந்த ரெண்டும் நானும் இவளும்தான். மிஞ்சுன நாங்க ரெண்டு பேரும் இங்கனயே இருந்துக்கிறோம். நீங்க போயிட்டு வாங்க" என்று பெட்டியைப் பிடுங்கி உள்ளே வைத்தேன். உன் அத்தா அக்கா முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். மாமி வாசலில் நின்று கத்திவிட்டுத்தான் போனாள். பெட்டி நம் வீட்டிலேயே இருந்தது.

இதுவரைக்கும் நான் ஜெயித்த கதை. தோற்றதையும் எழுதுகிறேன். எஸ்.எஸ்.எல்.சி. வருஷம், "வயசுக்கு வந்த பிள்ளை அத்தா வீட்டுலதான் இருக்கணும், ஊரு என்ன பேசுது தெரியுமா?" என்று அவர்கள் மறுபடி வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. ஊர் வாய்க்குப் பயந்தேன். உன் புத்தகங்களை நானே கட்டிக் கொடுத்து வேடசந்தூர் பஸ்ஸில் ஏற்றினேன். அங்கே நீ இருந்த நாலு மாதத்தில் அந்தக் கட்டு அவிழவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அத்தா மறுபடி கட்டிக்கொண்ட சின்னம்மாவின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டே பரீட்சை போய்விட்டது. ஒரு வருஷம் வீணானது. திரும்பி வந்தபோது நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மதுரையில் காலேஜ் சேர்ந்த பிறகு நீ போட்ட ஒரு கார்டை குர்ஆன் உறைக்குள் வைத்திருக்கிறேன். எழுபதாயிரத்து மூன்றும் பகா எண்தானாம். இப்படி இரண்டே தள்ளி நிற்கிற ஜோடிக்கு இரட்டைப் பகா எண்கள் என்று பெயராம். "நீங்களும் அம்மாவும்" என்று எழுதியிருந்தாய். நடுவில் நிற்கிற எழுபதாயிரத்து இரண்டு, ரெண்டு கேட்டாலும் மூன்று கேட்டாலும் ஆறு கேட்டாலும் ஒன்பது கேட்டாலும் வகுபட்டுக் கொடுத்துவிடுமாம். படித்ததும் உன் அத்தா ஞாபகம்தான் வந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும், தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கார்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. எழுபதாயிரத்து மூன்றைத் திருப்பிப் போட்டால் மட்டும் முப்பதாயிரத்து ஏழாகி உடைந்துவிடுகிறது, முப்பத்தேழு ஒன்று, எண்ணூற்றுப் பதினொன்று ஒன்று என்று. நீ கணக்காகத்தான் எழுதியிருப்பாய். நான் அந்த வேடசந்தூர் பஸ்ஸை நினைத்துக்கொண்டேன். உன் அம்மா எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் உடையாதவள். நான் ஒரு தடவை திருப்பிப் போட்டதும் உடைந்தவள்.

இன்னொரு தடவை உடைய மாட்டேன். உன் கடிதம் வந்த மறுநாளே மாமியும் மாப்பிள்ளையின் அம்மாவும் வந்தார்கள். "ஒரு வருஷம் படிக்கட்டும்னு நாங்களா பெரிய மனசு பண்ணிச் சொல்லியிருக்கோம்" என்றார் அந்த அம்மா.

"ரெண்டு வருஷப் படிப்புல ஒரு வருஷம் படிச்சா எதைக் குடுப்பாக? அரைப் பட்டமா?"

"பொம்பளைக்கு அரையென்ன முழுசென்ன? எங்க தோல் கிடங்குல கணக்கா எழுதப் போறா?"

"உங்க மவன் நல்ல பையன்னு கேள்விப்பட்டேன். ரெண்டு வருஷம் பொறுக்கச் சொல்லுங்க. பொறுத்தா நானே பிரியாணிச் சட்டி ஏத்துறேன். பொறுக்க முடியாட்டி வேற வீடு பாருங்க."

மாமி எழுந்துவிட்டாள். "பிள்ளையே சம்மதிச்சு எழுதியிருக்கு. நடுவுல நீ யாரு? எண்ணத் தெரியாதவ பேச்சைக் கேட்டா இப்படித்தான்!"

"எனக்கு எண்ணத் தெரியும் மதினி" என்றேன். "அன்னைக்கு அது தவறலை. வேணும்னேதான் ஓதுனேன்."

நூரு, உனக்கும் இது புதிது. பதினாலு வருஷமாக யாரிடமும் சொல்லாதது. முதல் நாள் பாயில் உட்காரும்போதே அந்த ஒரு கொட்டையை என் கையில் வைத்துக்கொண்டேன். என் பங்கு பத்தாயிரம், உன் பங்கு பத்தாயிரம் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் பங்கிலும் சேராத ஒன்று என்னிடமிருந்து அவளுக்குப் போகட்டும் என்று நினைத்தேன். ஆயுள் முழுக்க "ஒத்தை" என்றே சொன்னவளை இரட்டைப்படையில் வழியனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அது என் பிழையில்லை. மாமி கேட்டதும் "தவறிப்போச்சு" என்று பொய் சொன்னேனே, அதுதான் பிழை. அந்த ஒரு சொல்லால்தான் நான் எண்ணத் தெரியாதவளானேன். அதை வைத்துத்தான் உன்னை மூன்றாகப் பிரித்தார்கள். வேணும்னேதான் ஓதினேன் என்று அன்றைக்கே தலைநிமிர்ந்து சொல்லியிருந்தால், அந்தத் தகரப் பெட்டி ஊர் சுற்றியிருக்காது. நீயும் இன்றைக்கு எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று எழுதியிருக்க மாட்டாய். அந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்காக உன்னிடம் மாப்புக் கேட்கிறேன். மாப்புக் கேட்டுவிட்டு, பெரியம்மா என்ற உரிமையில் அதட்டவும் செய்கிறேன்.

அத்தாவுக்கு மனசு குளிர வேண்டுமென்றால் சிறுமலைக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரட்டும். மாமி கொடுத்த வாக்கை மாமி பார்த்துக்கொள்வாள். என் கால் வீக்கம் என் காலோடு இருக்கிறது, உன் கணக்கில் அதைச் சேர்க்காதே. பெரியத்தா மதுரைக்கு வந்து உன்னைப் பகல் வண்டியில் ஏற்றி, மெட்ராஸ் வரைக்கும் கூட வருவார். வண்டி திண்டுக்கல்லில் நிற்கும். நான் சோற்று மூட்டையோடு பிளாட்பாரத்தில் நிற்பேன். என்னைப் பார்த்து அழுதுகொண்டு இறங்கிவிடாதே. ஜன்னலில் கையை நீட்டி மூட்டையை வாங்கிக்கொள், போதும். இரண்டு வருஷம் முழுசாக முடித்து முழுப் பட்டத்தோடு வா.

அவசரப்படுத்துவதற்கு எனக்கும் ஒரு காரணம் இருக்கிறது. நாளைக்கு எனக்கு மவுத்தானால், இதே கூடத்தில் பாய் விரிப்பார்கள், கொட்டை கழுவுவார்கள். எழுபதாயிரம் ஆனதும் யாராவது ஒருத்தி துணியை மடிக்க ஆரம்பிப்பாள். நீ எழுந்து நின்று "இன்னும் மூணு இருக்கு" என்று சொல்ல வேண்டும். உன் அம்மாவுக்கு எழுபதாயிரத்து ஒன்று, எனக்கு எழுபதாயிரத்து மூன்று. எந்த ஊரில் இப்படி ஓதுகிறார்கள் என்று கேட்பார்கள். அதற்குக் கணக்காகப் பதில் சொல்லத் தெரிந்த ஆள் நம் சொந்தத்திலேயே நீ ஒருத்திதான். அரைப் படிப்பை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நின்று பேச முடியாது மகளே. அந்த மூன்றையும் நீயே ஓதிக் குவியலில் போடு. யார் கேட்டாலும், தவறிப்போச்சு என்று மட்டும் சொல்லாதே.

உன் பெரியம்மா